பத்து நிமிஷ நடையும் என் இடது காலும்

இன்று காலை என்னை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, நீளமான நடைகூடம். இந்தக் கோடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு, அந்தக் கோடியில் இன்னொன்று. ரோடு தோண்டும் இடத்தில் வைப்பார்களே, அதேதான், கொஞ்சம் குட்டி. என் விரலில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டு, கழுத்தில் கடிகாரம் தொங்கவிட்டிருந்த ஒரு சின்னப் பெண் எனக்கு விவரம் சொன்னாள்.

"தாத்தா, ஆறு நிமிஷம் இந்தக் கூம்புக்கும் அந்தக் கூம்புக்கும் நடக்கணும். முடியலைன்னா நின்னுக்கலாம். நான் உங்க கூட வரமாட்டேன். நான் கூட வந்தா நீங்க என் வேகத்துக்கு நடப்பீங்க. அப்புறம் அது உங்க நடையா இருக்காது."

நான் ஒரு எட்டுகூட எடுத்து வைக்கவில்லை. அப்படியே திரும்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "நடக்கிறதுக்கு முந்தியே மூச்சு வாங்குதா தாத்தா?" என்று அவள் பதறினாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். வேறு என்னத்தைச் சொல்ல? எனக்குத் தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவும் அதில் என்னோடு நடந்த நீரும் ஞாபகத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்? இவளுக்கு மூன்று வார்த்தையில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிற இந்தச் சங்கதியை நான் உம்முடைய பிழைப்பைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நீர் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு எழுபத்தெட்டு. நெஞ்சு முழுக்கச் சளி. நோயாளிகளுக்கெல்லாம் பீடியைத் தொடாதே என்று புத்தி சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்ப் பற்றவைத்த கம்பவுண்டருக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும். எழுத உட்கார்ந்தால் கைகூட அலுத்துப்போகிறது. ஆனாலும் இதை உமக்கு எழுதாமல் இன்று தூங்க முடியாது போலிருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி அது. நமக்கு இரண்டு பேருக்குமே முப்பது தொடவில்லை. தென்காசிக்கு வெளியே, செங்கோட்டை ரோட்டில், ஒரு நிலக்காரர் விட்டுக்கொடுத்த ஓட்டுக் கட்டடத்தில் நம் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நான். நீர் வந்தபோது ஆள் பாதியாக இருந்தீர். உம்மைத் தூக்கி வந்தவர்கள் கட்டிலில் கிடத்திவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டார்கள். டி.பி. என்றால் அப்போதெல்லாம் அப்படித்தான். நான் குனிந்து ஊசி போட்டபோது உம்மிடம் நல்லெண்ணெய் வாசனை அடித்தது. மூன்று மாசமாக எண்ணெயைத் தொடாத ஆள். ஆனாலும் தோலுக்குள் அது ஊறிப்போயிருந்தது. "என்ன தொழில்?" என்று கேட்டேன். "குத்தாலத்துல எண்ணெ தேக்கவன்" என்று சொல்வதற்குள் நாலு தடவை இருமினீர்.

உம் உடம்பு ஊசிக்குக் கேட்டது. ஒரு வருஷத்துக்குள் சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கிருமி போனாலும் அது அரித்துவிட்டுப்போன நுரையீரல் அப்படியேதான் இருக்கும். மாடிப்படி ஏறினால் இளைப்பு, சாரல் காற்றுப் பட்டால் இழுப்பு. இந்த மாதிரி ஆட்களை வீட்டுக்கு அனுப்பலாமா, அனுப்பினால் என்ன வேலை செய்யவிடலாம் என்பதுதான் டாக்டருக்கு நாள்தோறும் தலைவலி. எக்ஸ்ரே எடுத்தால் ஓட்டை தெரியும், அந்த ஓட்டையோடு எவ்வளவு நேரம் நின்று வேலை பார்க்க முடியும் என்பது தெரியாது. மூச்சை அளக்கிற மெஷின் எல்லாம் மெட்ராஸில்தான் இருந்தது.

அதனால் டாக்டரே ஒரு வழி கண்டுபிடித்தார். நம் வராந்தாவின் நீளம் முப்பது கஜம். ஒரு கோடியில் தண்ணீர்ப் பானை, மறுகோடியில் ஜன்னல். பானையிலிருந்து ஜன்னலுக்குப் போனால் ஒரு நடை. திரும்பி வந்தால் இரண்டு நடை. இரண்டு இடத்திலும் ஒரு காலி மருந்து டப்பா. ஒவ்வொரு நடை முடிந்ததும் நோயாளி ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். ஸ்டூலின் மேல் டாக்டருடைய மேஜைக் கடிகாரம். பத்து நிமிஷம் ஆனதும் நிறுத்திவிட்டுக் கொட்டைகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். இருபத்தெட்டு நடை நடந்தால் கனமான வேலைக்குப் போகலாம் என்று அவர் ஒரு அளவு வைத்திருந்தார்; நோயாளிகளிடம் அதைச் சொல்வதில்லை. அதற்குக் கீழே என்றால் உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும்.

நடக்கிறபோது யாராவது விழுந்துவிட்டால் பிடிப்பதற்கு ஒரு ஆள் கூடப் போக வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸால் வார்டை விட்டு நகர முடியாது. மிச்சம் நான்தான். டாக்டர் புத்திசாலி, நல்ல மனுஷர். ஆனால் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, நடை அளப்பதற்கு அவர் நொண்டியைப் பிடித்தார். சின்ன வயசில் காய்ச்சலில் போன இடது கால் எனக்கு. அவருக்கு அது தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.

உமக்கு இந்த நடை எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். நீரே சொல்லியிருக்கிறீர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கல் உண்டு. இன்னார் கல் இது என்று வருகிறவர்களுக்கும் தெரியும். வருஷா வருஷம் வந்து அதே கல்லில்தான் உட்காருவார்கள். ஒரு சீசன் முழுக்கக் கல் காலியாகக் கிடந்தால் மேஸ்திரி அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். போன சீசனில் நீர் கட்டிலில் கிடந்ததை மேஸ்திரி பொறுத்துக்கொண்டார். இந்தத் தடவை, "டாக்டர் சீட்டு இல்லாம கல்லுல ஏறாதே, வாரவன் பயப்படுவான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, ஆனி பிறக்குமுன் உமக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு இருபத்தெட்டுப் புளியங்கொட்டை வேண்டும்.

முதல் தடவை சித்திரையில் நடந்தோம். நீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கை நிறையக் கொட்டைகளோடு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வந்து நின்றீர். நான் பக்கத்தில். கட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "இப்பிடிச் சும்மச் சும்ம போயிட்டுப் போயிட்டு வந்தா வெளிய இருந்து பாக்கவன் என்னவே நினைப்பான்?" என்று கேட்டீர். "ரெண்டு பைத்தியம்னு நினைப்பான், நடவும்" என்றேன். பேசிக்கொண்டே நடந்தோம். எந்த ஊர்க்காரனுக்கு முதுகில் மச்சம், எந்த வக்கீலுக்குத் தலையில் எண்ணெய் நிற்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தீர். மூச்சு வாங்கவே இல்லை. கடைசியில் எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு.

வைகாசி முதலில் மறுபடியும் நடந்தோம், இருபத்திரண்டு. வைகாசிக் கடைசியிலும் இருபத்திரண்டு. டாக்டர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, முடியாதவங்க பத்து, பன்னிரண்டுன்னு நிக்கிறாங்க, சரி. தேறினவங்க எல்லாரும் இருபத்திரண்டுல வந்து முட்டிக்கிட்டு நிக்கிறாங்களே! இந்த நோய் விட்டுப்போற நுரையீரலுக்கு அதுதான் உச்சம் போல" என்றார். அதை ஒரு பெரிய விஷயமாக எண்ணி, மெட்ராஸில் டாக்டர்கள் கூடுகிற இடத்தில் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன். உமக்குச் சீட்டு இல்லை என்று ஆயிற்று. உம்மை வீட்டுக்கு அனுப்பினோம், உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும் பார்க்கும்படி. குற்றாலத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை என்ன இருக்கிறது, குரங்குக்குக் கடலை விற்பதைத் தவிர?

நீர் "சரி, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த புளியங்கொட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்.

ஆனி பிறந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்தது, சாரல் விழுந்தது, அருவியில் தண்ணீர் என்று பஸ்ஸுக்குப் பஸ் கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஐந்தருவியில் ஒரு குளியல் போடலாம் என்று போனேன். குற்றாலத்தில் இறங்கி ஐந்தருவி ரோட்டில் நடந்துகொண்டிருக்கும்போது எனக்கு முன்னால் ஒரு ஆள் தலையில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் போவதைப் பார்த்தேன். அந்த முதுகை எனக்குத் தெரியும், எத்தனை நாள் தட்டிப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டேன். காற்றில் உம் காதில் விழவில்லை. எட்டிப் பிடித்துவிடலாம் என்று நடையைப் போட்டேன். இரண்டாவது வளைவில் நீர் காணாமல் போய்விட்டீர்.

நான் ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீர் ஒரு பழக்கடை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தீர். கொஞ்சம் இளைப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத்தான் நாக்குத் தள்ளியது.

"என்னவே, பஸ்ஸுல வராம நடந்தா வாரீரு?" என்றீர்.

"அது இருக்கட்டும். நீரு எப்பிடிவே இப்பிடி நடக்குதீரு? வராந்தாவுல இருபத்திரண்டுக்கு மேல ஒரு கொட்டை விழமாட்டேங்கு. இங்கன சுமையோட ஏத்தத்துல பறக்குதீரு!"

நீர் டீ கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றினீர். "அங்கன நீரு கூட வாரீருல்லா."

"வந்தா?"

"உம்ம விட்டுட்டு நான் முன்னால போவ முடியுமாவே? கால் சரியில்லாத மனுசன். ஊசி போட்டுப் பொழைக்க வச்ச கை. நான் மின்ன போயி நின்னுக்கிட்டு நீரு வாரதைத் திரும்பிப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்காதா?"

"அது பரிச்சைவே! அதுலயா மரியாதை பாக்குதது?"

"எத்தனை நடைன்னு எண்ணத்தான் எண்ணுதிய, அதை வச்சுத்தான் சீட்டுன்னு எனக்கு எங்க தெரியும்? நான் எளைக்கனா, எளைக்காம நடக்கனான்னு டாக்டர் பாக்குதாருன்னுல்லா நெனச்சேன். எளைக்காமத்தான நடந்தேன்? அப்பிடியே தெரிஞ்சிருந்தாலும் என்ன... கூட வாரவன் காலுக்குத்தானவே நடக்கணும்."

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உமக்கு மட்டும் நேர்ந்ததா அது? அரிசி மில்காரர், பீடி சுற்றுகிற அம்மா, ஹோட்டல் சமையல்காரர், தேறி எழுந்த அத்தனை பேரும் என் பக்கத்தில் என் காலுக்கு நடந்திருக்கிறார்கள். டாக்டர் கண்டுபிடித்த அந்த உச்சம் என்னுடைய இடது கால். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, கோயிலுக்குப் போனபோது, பெண் பார்க்கப் போனபோது, என் ஆயுசு முழுக்க என்னோடு வந்தவர்கள் எல்லோரும் நடையைக் குறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். நான் அதை உலகத்தின் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர்ட்ட சொல்லிக்கிடும், இன்னொரு தடவை நடந்துக்கிடலாம்" என்றீர் நீர், ஏதோ நான்தான் கஷ்டத்தில் இருப்பது போல. "நாளைக்கே சொல்லுதேன்" என்றேன்.

நான் சொல்லவில்லை. இதைத்தான் உம்மிடம் நேருக்கு நேர் ஒருநாளும் பேசாமல் விட்டேன். மறுநாள் டாக்டருடைய அறை வாசல் வரைக்கும் போனேன். அவர் மெட்ராஸுக்கு அனுப்புவதற்காக அந்த எண்களை அழகாகக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் முன்னால் நின்று என் காலைப் பற்றி வாயால் சொல்ல வேண்டுமே என்பதுதான். கால் போனதிலிருந்து நான் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருந்தால் அது இல்லாதது மாதிரி நடந்துகொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் போயிற்று. அப்புறம் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வேறு சேர்ந்துகொண்டது.

இரண்டாவது வாரத்தில் உம் வீட்டு மதினி வந்தார்கள். இதை உம்மிடம் அவர்கள் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. சேலை முந்தியில் நாலு மங்குஸ்தான் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். வராந்தாவுக்குள் ஏறாமல், நனைந்துகொண்டே கீழே நின்றார்கள்.

"அண்ணே, அவுக அனுப்பல. நானாத்தான் வந்தேன். சீட்டு என்னாச்சுண்ணே? வெள்ளிக்கிழமையோட அந்தக் கல்லை இசக்கிக்குக் குடுத்துருவாவளாம். அவுக ஒண்ணும் சொல்லமாட்டேங்காவ. கேட்டா, கம்பவுண்டர் பாத்துக்கிடுவாருன்னு சொல்லுதாவ."

"டாக்டர் ஊருல இல்ல மதினி" என்றேன்.

உள்ளே டாக்டர் நர்ஸைக் கூப்பிடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மதினிக்கும் கேட்டிருக்கும். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். "சரிண்ணே, வந்தா சொல்லுங்க" என்று பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நாலு பழத்தையும் நான் தின்னவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஜன்னலோரத்தில் கிடந்து கல்லாக இறுகிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அதற்கடுத்த வாரம் அந்தச் சமையல்காரருக்கு நடை. பானையடியில் இரண்டு பேரும் நின்றோம். அவர் முதல் எட்டை நன்றாக நீளமாக எடுத்துவைத்தார். உடனே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். இரண்டாவது எட்டில் நடை சுருங்கிவிட்டது. முன்பு கண்ணில் படாதது இப்போது அப்பட்டமாகத் தெரிந்தது. என்னால் மூன்றாவது எட்டு வைக்க முடியவில்லை. அவரை அப்படியே நிறுத்திவிட்டு டாக்டர் அறைக்குள் போனேன்.

"சார், நான் நொண்டி" என்றேன்.

அவர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். நின்று நின்றுதான் மிச்சத்தைச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். "இருபத்திரண்டு. இருபத்தொண்ணு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு..." கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்துவிட்டு, "இது பூரா உன் நடையாய்யா?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மெட்ராஸுக்கு எழுதின தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவின் நடுவில் போட்டார். "இனிமே நீ இதுல உக்காரு. அவங்க நடக்கட்டும்" என்றார். உமக்கு ஆள் அனுப்பினோம்.

நீர் வந்து நடந்தீர். முதல் இரண்டு நடையில் என்னைத் தாண்டும்போதெல்லாம் நின்று திரும்பிப் பார்த்தீர். "என்னைப் பாக்காதேயும், நடவும்!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு நடந்தீரே ஒரு நடை! டப்பாவில் கொட்டை விழுகிற சத்தத்தைக் கேட்டு வார்டே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது. முப்பத்து மூன்று. டாக்டர் அந்த இடத்திலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார். நீர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனீர்.

சீட்டு கிடைத்தது, கல் போய்விட்டது. இசக்கியைக் குற்றம் சொல்ல முடியாது. அவனும் பிள்ளை குட்டிக்காரன். மறு சீசனில் மேஸ்திரி உமக்கு ஓரமாக ஒரு இடம் கொடுத்தார். அருவிக்கு ஒட்டினாற்போல, நாள் முழுக்கத் தண்ணீர்த் திவலை முகத்திலும் நெஞ்சிலும் அடிக்கிற இடம். வேறு யாருக்கும் வேண்டாத இடம். அங்கே ஐந்தாறு சீசன் நின்றீர். ஒவ்வொரு வருஷமும் ஆவணியில் இருமிக்கொண்டு வந்து மருந்து வாங்கிப் போவீர். ஒவ்வொரு வருஷமும் கொட்டை குறைந்தது. முப்பது, இருபத்தாறு, இருபது. ஒரு தடவை நான் டாக்டரிடம் கேட்டேன், அந்த ஈர இடத்தால்தானே இப்படி ஆயிற்று என்று. அப்படியெல்லாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது, உம் நுரையீரல் முன்னமே பழுதுபட்டது என்றார். அவரால் சொல்ல முடியாது. என்னால் சொல்ல முடியும். மூன்று வாரம் முந்தி நான் வாயைத் திறந்திருந்தால் நீர் உம்முடைய கல்லில், காய்ந்த கல்லில் நின்றிருப்பீர்.

நீர் அதை ஒருநாளும் எடுத்துப் பேசவில்லை. எப்போது சொன்னேன் என்று கேட்கவும் இல்லை. ஐந்தருவியில் டீ குடித்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் அனுப்பிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணத் தெரியாதவரா நீர்?

அறுபதுகளின் நடுவில், ஒரு புரட்டாசியில், கடைசியாக வந்தீர். மதினி ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய டாக்டர் போய், புதிதாக ஒருவர் வந்திருந்தார்; ஆனால் வராந்தாவும் டப்பாவும் புளியங்கொட்டையும் அப்படியே இருந்தன. நான் வழக்கம் போல நாற்காலியில் உட்கார்ந்தேன். நீர் பானைக்குப் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வராந்தாவைக் கண்ணால் ஒருமுறை அளந்தீர்.

"இன்னைக்குக் கூட வாரும்வே" என்றீர்.

"கூடாதுவே, கணக்கு தப்பிரும்."

"கணக்கு கெடக்கு. வாரும்."

எழுந்து வந்தேன். உம்முடைய இடது பக்கம் சுவர், வலது பக்கம் நான். நாலு எட்டுக்கு ஒருதரம் நின்றீர். ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர். உம் நெஞ்சுக்குள் இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவருக்காக நான் என் நடையைக் குறைத்தேன். அது எப்படி என்றே எனக்குத் தெரியவில்லை. கால் தானாக முன்னால் போகிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதை மற்றவருக்குத் தெரியாமல் வேறு செய்ய வேண்டியிருக்கிறது. இதையா நீர் மூன்று தடவை, பத்துப் பத்து நிமிஷம், வக்கீல் கதை சொல்லிக்கொண்டே செய்தீர்?

"என்னவே, எனக்காவா மெதுவா வாரீரு?" என்று கேட்டீர்.

"இல்லவே, காலு வலிக்கு" என்றேன்.

நீர் சிரித்தீர். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. ஒன்பது கொட்டை. நோட்டில் ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் 'கூட நடந்தேன்' என்றும் எழுதினேன். புது டாக்டர் அது என்ன என்று கேட்டார். அவரிடம் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. ஐப்பசி அடைமழையில் நீர் போய்விட்டீர்.

அப்போது அழுதேனா என்றுகூட நினைவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேரை நடக்கவிட்டேன், எத்தனையோ பேரை வழியனுப்பினேன், ரிட்டயர் ஆனேன், பெண்டாட்டியையும் அனுப்பிவைத்தேன். எல்லாமே அலுத்துவிட்டது. உம்மிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்து அந்த வார்த்தையும் தேய்ந்துபோயிற்று. ஆனாலும் கேட்கிறேன். அந்த மூன்று வாரத்துக்காக என்னை மன்னியும். மதினியிடம் சொன்ன பொய்க்காகவும்.

இன்று காலை அந்தப் பிள்ளை தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் உட்காரவைத்து, அப்புறம் நடக்கச் சொன்னாள். நடந்தேன். என் காலால் இப்போதும் அதைவிட வேகமாக நடக்க முடியும், அது எனக்குத் தெரியும். மூச்சும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் நாலு எட்டுக்கு ஒருதரம் நின்றேன். கூம்பு வந்த இடத்திலெல்லாம் நின்றேன். அவள் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"தாத்தா, இவ்வளவு அகலம் கிடக்கு. ஏன் வலது ஓரத்துலயே போறீங்க? நடுவுல நடங்க" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். என் இடது பக்கத்தில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டிருந்தேன்.

"பழக்கம்மா" என்றேன்.

ஆறு நிமிஷம் ஆனதும் அவள் தாளில் ஒரு எண்ணை எழுதினாள். முகம் வாடிவிட்டது. ரொம்பக் குறைவு தாத்தா, டாக்டர் மருந்தைக் கூட்டுவார் என்றாள். கூட்டட்டும். அவள் சொன்ன விதிப்படி அவள் என்னோடு வரவில்லை, சரியாகத்தான் செய்தாள். அது என் நடை இல்லை என்று மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.